சீனிக்குக் கொப்பி உண்டு, தோலுக்கு?

சம்மாந்துறை, வீரமுனை, கல்முனைப் பக்கத்தில் ஐம்பது கடந்த ஒருவரிடம் சுகம் விசாரித்தால், "சீனி கொஞ்சம் கூடிப் போச்சு, பிரஷர் பரவாயில்லை" என்று தயக்கமில்லாமல் பதில் வரும். கல்யாண வீட்டிலும் சொல்வார், பள்ளிவாசல் முற்றத்திலும் சொல்வார், கோயில் அன்னதானப் பந்தியிலும் சொல்வார். கிளினிக் நாளன்று கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு விடியற்காலையிலேயே போய் நம்பர் எடுப்பார். இந்த வருத்தம் எப்போது குணமாகும் என்று அவரும் கேட்பதில்லை, வீட்டாரும் கேட்பதில்லை. ஆயுள் முழுக்கக் குளிசை போட வேண்டும், இனிப்பைக் குறைக்க வேண்டும், காலில் புண் வராமல் பார்க்க வேண்டும் என்பது ஊரே அறிந்த செய்தி.

அதே மனிதரின் முழங்கையிலும் முழங்காலிலும் சிவந்து தடித்த படை ஒன்று வந்து, அதன் மேல் வெள்ளி நிறத்தில் செதில் உதிரத் தொடங்கட்டும். அன்றிலிருந்து நீளக்கைச் சட்டைதான். முடி வெட்டப் பக்கத்து ஊர் சலூனுக்குப் போவார். கிளினிக் பக்கம் மட்டும் போக மாட்டார். பரிசாரி, எண்ணெய், ஓதிய தண்ணீர், பாமசியில் கேட்டு வாங்கிய டியூப், வெளிநாட்டிலிருந்து மச்சான் அனுப்பிய கிறீம் என்று ஒரு சுற்றுச் சுற்றுவார். போகிற இடமெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான்: முற்றாகக் குணமாகுமா? ஆகும் என்று சொல்கிறவரிடம் காசு போகும். குணமாகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்று உண்மையைச் சொன்ன டொக்டரிடம் இரண்டாம் முறை போக மாட்டார்.

சொரியாசிஸ் என்கிற இந்த வருத்தத்துக்கு நம் கரையில் பெரிய தடை மருந்துத் தட்டுப்பாடு என்று நான் நினைக்கவில்லை. சீனிக்கும் பிரஷருக்கும் கொடுத்த இடத்தைத் தோலுக்குக் கொடுக்க ஊரும் ஆஸ்பத்திரியும் இன்னும் மனம் வைக்கவில்லை. மற்றக் குறைகள் பலவும் இதிலிருந்து கிளைத்தவை.

வருத்தம் என்னவென்று முதலில் பார்ப்போம். நம் மேல்தோலின் அடியில் பிறக்கும் கலம் மெல்ல மேலே வந்து, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூசாக உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் இந்தப் பயணம் மூன்று முதல் ஐந்து நாளில் முடிந்துவிடுகிறது. முதிராத கலங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து செதிலாகின்றன. அடியில் இரத்தக் குழாய்கள் விரிந்து தோல் சிவக்கிறது. இதற்கு மூலகாரணம் வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல. உடம்பின் நோயெதிர்ப்பு சக்தியே தேவையில்லாமல் விழித்துக்கொண்டு சொந்தத் தோலோடு மல்லுக்கட்டுகிறது. அந்தச் சுபாவம் பரம்பரையில் வரும். ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. தொட்டால் ஒட்டாது. ஒரே பாயில் படுத்தாலும், ஒரே சஹனில் சேர்ந்து சாப்பிட்டாலும், ஒரே வாளியில் குளித்தாலும் ஒட்டாது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் குறைந்தது பத்துக் கோடிப் பேர் இதோடு வாழ்கிறார்கள். சித்த மருத்துவ நூல்கள் காளாஞ்சகப்படை என்று சொல்லும் வருத்தத்தின் குறிகளும் பெரிதும் இதை ஒத்தவை. ஆகவே இது நம் நாட்டுக்குப் புதிதாக வந்த சீமை வருத்தமும் இல்லை.

பிறகு ஏன் இந்த ஒளிவு? கிழக்குக் கரையில் தோலில் ஒரு படை தெரிந்ததும் மனதின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் பயம் குஷ்டம். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைத்த ஆஸ்பத்திரி அங்கே இருந்தது. மேற்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் கட்டிய தொழுநோய் ஆஸ்பத்திரி. மாந்தீவுக்குப் படகேறிப் போனவர் திரும்பி வராத கதைகளைப் பாட்டிமார் சொல்லி வளர்ந்த பிள்ளைகள் நாம். ஐரோப்பாவிலும் இந்தக் குழப்பம் நெடுங்காலம் இருந்தது. 1841இல் வியன்னாவில் ஃபெர்டினண்ட் ஃபொன் ஹெப்ரா என்ற வைத்தியர்தான் சொரியாசிஸ் வேறு, தொழுநோய் வேறு என்று திட்டமாகப் பிரித்தார். அதுவரை செதில் உதிர்ந்தவர்களில் பலரைத் தொழுநோயாளர் கணக்கில் போட்டு ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொழுநோய் கிருமியால் வருவது, தொற்றக்கூடியது. ஆனால் அதற்கு முழுக் குணம் உண்டு. கூட்டு மருந்துச் சிகிச்சை ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ, மருந்து இலவசம். சொரியாசிஸ் தொற்றாது, ஆனால் அடியோடு போகாது. ஊர் இரண்டையும் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறது. குணமாகக்கூடியதற்கு மருந்து எடுக்கப் பயந்து ஒளிகிறது, தொற்றாததைக் கண்டு விலகுகிறது, குணமாகாததற்குக் குணம் தேடி நகையை அடகு வைக்கிறது.

அந்தத் தேடலில் மிக ஆபத்தான இடம் பரிசாரியின் வீடு என்று பலர் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து வெயிலில் காய்ச்சிய தைலம் தோலை ஈரமாக வைக்கும், செதிலை இளக்கும். பெரிய கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் முறையாகச் சித்த மருத்துவம் படித்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். தெரிந்த வைத்தியரிடம் தெரிந்த மருந்து எடுப்பதில் பிழையில்லை. பெயர் எழுதாத பொடியும் குளிசையும்தான் பயம். "மூன்று நாளில் செதில் கொட்டிவிடும்" என்று யாராவது சத்தியம் செய்தால், அதற்குள் ஸ்டீரொயிட் அரைத்துப் போடப்பட்டிருக்கக்கூடும் என்று சந்தேகிக்க வேண்டும். உள்ளுக்குப் போகும் ஸ்டீரொயிட் சொரியாசிஸை மாயம் போல அடக்கும். நிறுத்தியதும் வருத்தம் இரட்டிப்பாகத் திரும்பக்கூடும். சில வேளை உடம்பு முழுவதும் சிவந்து உரியும், அல்லது சீழ்க் கொப்புளங்கள் பரவும். அந்த நிலை உயிருக்கே ஆபத்து. வார்டில் படுக்க வேண்டிவரும். நோயாளியோ, "அந்த மருந்து நல்லது, நிறுத்தினதுதான் பிழை" என்று நினைத்துப் பழைய இடத்துக்கே திரும்புவார். வியாபாரம் நடப்பது அப்படித்தான்.

டியூப் கதையும் இதே போக்குத்தான். குளொபெற்றசோல் என்பது பூச்சு ஸ்டீரொயிட்டுகளில் மிக வலுவானவற்றுள் ஒன்று. வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை, சொன்ன இடத்தில் பூசினால் நல்ல மருந்து. வைத்தியரின் துண்டு இல்லாமல் பாமசியில் வாங்கி, முகத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் மாதக்கணக்கில் பூசினால் தோல் கடதாசி போல மெலியும், வரி வரியாகக் கோடு விழும், நரம்பு தெரியும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை உருவாக்கியது. சட்டம் கொழும்பில் இருக்கிறது. டியூப் சந்தியில் விலைப்படுகிறது. கல்யாணத்துக்கு முன் பெண் பிள்ளைகளுக்கு முகம் வெளுக்கப் பூசும் கிறீம்களையும் இந்தக் கணக்கில்தான் நான் சேர்ப்பேன். அது தனியாக எழுத வேண்டிய விசயம்.

சரி, அடக்கி வைக்க என்ன உண்டு?

நிறைய உண்டு, அதில் பாதி மலிவு. சிறிய படைகளுக்கு ஈரப்பூச்சு, சலிசிலிக் அசிட் கலந்த ஒயின்மென்ட், நிலக்கரித் தார் மருந்து, அளவான பூச்சு ஸ்டீரொயிட், விட்டமின் டி வகையில் வரும் கல்சிபொட்ரியோல். அளவுக்கு வைத்தியர்கள் ஒரு எளிய கணக்குச் சொல்வார்கள்: ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கிய மருந்து, இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். இதை ஒரு முறை காட்டிக் கொடுத்தால் டியூபும் மிஞ்சும், தோலும் தப்பும். உடம்பில் கூடுதலாகப் பரவியவர்களுக்குக் குளிசை. அந்தக் குளிசைகளில் பிரதானமானது மெதோட்ரெக்சேட். அதன் வரலாற்றில் நமக்கு அடுத்த வீட்டு மனிதர் ஒருவர் இருக்கிறார்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். பிறகு அமெரிக்கா போய், லெடர்லே ஆய்வுகூடத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்த அமிலத்தை எதிர்க்கும் மருந்துகளும் அங்கேதான் பிறந்தன. அவற்றில் ஒன்றான அமினொப்டெரினை சிட்னி ஃபார்பர் என்ற வைத்தியர் இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1951இல் ரிச்சர்ட் கப்னர் என்ற வைத்தியர் அதையே மூட்டுவாத நோயாளருக்குக் கொடுத்தபோது, அவர்களில் சொரியாசிஸ் இருந்தவரின் தோல் தெளிந்ததைக் கண்டார். அமினொப்டெரினின் தம்பி முறையானதுதான் மெதோட்ரெக்சேட். சுப்பாராவ் 1948இலேயே காலமாகிவிட்டார். தன் வேலை தோலுக்கும் உதவியதை அவர் அறியவில்லை.

இந்தக் குளிசையில் உயிர் காக்கும் ஒரு விதி இருக்கிறது. கிழமைக்கு ஒரு முறைதான். நாளுக்கு ஒன்று என்று பிழையாக விளங்கிப் போட்டால் வாய் புண்ணாகி, இரத்தக் கலங்கள் குறைந்து, சாவுவரை கொண்டுபோகும். உலகம் முழுக்க இந்தப் பிழையால் இறந்தவர்கள் உண்டு. குளிசை உறையில் "கிழமைக்கு 1" என்று எழுதினால் போதாது. "வெள்ளிக்கிழமை இரவு மட்டும்" என்று நாளின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்கும் வாயால் சொல்ல வேண்டும். வேறொரு நாளில் ஃபோலிக் அமிலக் குளிசை. இடைக்கிடை ஈரலுக்கும் இரத்தத்துக்கும் சோதனை. குடி கூடாது. பிள்ளை உண்டாகியிருப்பவர், உண்டாக நினைப்பவர் இதைத் தொடவே கூடாது. கொப்பி இல்லாமல் இந்த மருந்தைக் கொடுக்கவோ எடுக்கவோ முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஊசி மருந்துகளும் இப்போது உண்டு. அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதங்களை மட்டும் கட்டிப்போடும் இவை பலருக்குத் தோலை ஏறக்குறைய முழுமையாகத் தெளியவைக்கின்றன. விலையோ ஒரு வயற்காரரின் கைக்கு எட்டாதது. நெல்லை நம்பி வாழும் ஊரில் நின்றுகொண்டு அவற்றைப் பற்றி அதிகம் பேசுவதில் பயன் இல்லை.

கைக்கு எட்டுவது வெயில். அமெரிக்க எழுத்தாளர் ஜோன் அப்டைக் சிறுவயதிலிருந்து சொரியாசிஸோடு வாழ்ந்தவர். தன் தோலோடு நடத்திய போரைப் பற்றியே நீண்ட கட்டுரை ஒன்று எழுதியிருக்கிறார். வெயிலுக்காகக் கடற்கரை ஊரில் குடியேறினார். பனிக்காலத்தில் கரீபியன் தீவுகளுக்குப் பறந்தார். நமக்கு அந்த வெயில் வாசற்படியில் கிடக்கிறது. புற ஊதாக் கதிர் தோலில் அத்துமீறும் நோயெதிர்ப்புக் கலங்களைத் தணிக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் இதையே விளக்குப் பெட்டிக்குள் நிறுத்தி அளந்து கொடுக்கிறார்கள். கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, பல கிழமைகள். நாட்கூலிக்காரர் அத்தனை நாள் வேலையை விட்டுப் பஸ் ஏறுவது நடக்காத காரியம். காலை இளவெயிலில் பத்து, பதினைந்து நிமிடம் படையைக் காட்டுவது பலருக்கு உதவும். உச்சி வெயிலில் வயலில் நின்று தோல் எரிந்தால் அந்த இடத்திலேயே புதிதாகப் படை வரக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1974இல் அமெரிக்காவில் பிரபலமான ஒரு சிகிச்சை, சோராலென் என்ற பொருளைக் கொடுத்துவிட்டு ஒளியில் நிறுத்துவது. நம் நாட்டு வைத்தியத்தில் வெண்குட்டத்துக்குக் கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் இருக்கச் சொல்வார்களே, அந்தக் கார்போகரிசிக்குள் இருப்பதும் சோராலென்தான். பழையது என்பதற்காக இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அளவு தப்பினால் தோல் வெந்துவிடும்.

அன்றாட வாழ்க்கையில்தான் இந்த வருத்தம் நம் மண்ணோடு சேர்ந்து விளையாடுகிறது. காயம் பட்ட இடத்தில் சொரியாசிஸ் புதிதாக முளைக்கக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மன் வைத்தியர் ஹைன்ரிஷ் கோப்னர் இதைக் கவனித்து எழுதினார். அவருடைய நோயாளிக்குக் குதிரை கடித்த இடத்திலும் பச்சை குத்திய இடத்திலும் படை வந்ததாம். நமக்குக் குதிரை இல்லை. அறுவடையில் வைக்கோல் கீறல், மரவேலை செய்பவரின் கைச் சிராய்ப்பு, இறுகக் கட்டிய சாரன் பட்டி, செதிலை நகத்தால் பிய்க்கும் பழக்கம் எல்லாம் இருக்கின்றன. கோயில் நேர்த்திகளும் இருக்கின்றன. பாண்டிருப்பு திரௌபதை அம்மன் தீமிதிப்பும், கரையோரக் கோயில்களின் முள்ளுக்காவடியும் பக்தர்களுக்கு உயிரான விசயங்கள். சொரியாசிஸ் உள்ள ஒருவர் முதுகில் முள் குத்தி நேர்த்தி முடித்தால், சில கிழமைகளில் முள் குத்திய இடங்களில் வரிசையாகப் படை எழக்கூடும். அம்மன் கோபம் என்று சொல்லி அடுத்த வருடம் இன்னொரு காவடி நேர்வார்கள். பால்காவடி எடுத்தாலும் தாய் ஏற்றுக்கொள்வாள் என்று பூசகர் ஒரு வார்த்தை சொன்னால், பல டியூப் மருந்துக்குச் சமம்.

முஸ்லிம் சகோதரர்களுக்கு வேறு கேள்விகள் உண்டு. ஐந்து நேரமும் வுளுச் செய்யும்போது கை கால் நனைந்து காய்ந்து வெடிக்கும். ஒத்தித் துடைத்துவிட்டு, ஈரம் முழுக்கக் காயுமுன் பூச்சுப் போட்டால் அந்த வறட்சி வெகுவாகக் குறையும். கெட்டியான ஒயின்மென்ட்டை இஷாவுக்குப் பிறகு, படுக்கப் போகும்போது பூசினால் அடுத்த தொழுகைக்குத் தடையாக இருக்குமோ என்ற மனக்குறையும் வராது. நோன்பு மாதத்தில் கிழமைக் குளிசையை இரவில் எடுக்கலாம். எப்படி என்பதை றமழானுக்கு முன்பே டொக்டரிடம் கேட்டு வைக்க வேண்டும். நோன்பென்று தானாக மருந்தை நிறுத்திப் பெருநாளன்று உடம்பெல்லாம் சிவந்து கிடக்க வேண்டியதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எல்லோருக்குமே தோல் வறளும். தேங்காயெண்ணெயும் வாஸ்லினும் அப்போது மருந்துக்குச் சமம். 2022இல் நாடு முழுவதும் மருந்துக்கு அலைந்த காலத்தில் பலருக்கும் மிஞ்சியது இவைதான்.

சாப்பாட்டு விசயத்தில் நம் வீடுகள் தேவையில்லாத கொடுமை செய்கின்றன. இறால் கிரந்தி, நண்டு கிரந்தி, கத்தரிக்காய் கரப்பான், கருவாடு கூடவே கூடாது என்று ஒன்றொன்றாகக் கழித்துக் கடைசியில் சோறும் பருப்பும்தான் மிஞ்சும். கடலோரத்தில் பிறந்தவனுக்கு மீன் இல்லாத சோறு ஒரு தண்டனை. சொரியாசிஸைக் கிளப்பும் என்று எல்லோருக்கும் பொதுவாக நிரூபிக்கப்பட்ட கறி எதுவும் இல்லை. ஒருவருக்கு ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பத் திரும்பத் தெரிந்தால் அவர் விடட்டும். நிச்சயமாக விட வேண்டியவை புகையும் குடியும். குறைக்க வேண்டியது வயிற்றுச் சதை. உடம்பு கூடியவர்கள் நிறையைக் குறைத்தால் தோலும் தெளிகிறது, மருந்தும் நன்றாக வேலை செய்கிறது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். புரியாணியைப் பற்றிப் பேசாமல் கத்தரிக்காயைக் குற்றம் சொல்வது எல்லோருக்கும் வசதி.

வேறு சிலவும் கிளப்பும். பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் வந்து இரண்டு மூன்று கிழமையில் உடம்பெல்லாம் மழைத்துளி போலப் புள்ளிப் படை வரலாம். லித்தியம், மலேரியாக் குளிசைகள், பிரஷருக்குக் கொடுக்கும் பீட்டா தடுப்பு வகைக் குளிசைகள் சிலருக்கு இதைக் கூட்டும். பிரஷர் கிளினிக்கில் தோலைக் காட்டாமல் இருப்பவருக்கு இது எப்படித் தெரியும்? அடுத்தது மனம். நெஞ்சை அழுத்தும் துயரமும் நித்திரையின்மையும் சொரியாசிஸைக் கிளறிவிடும் என்பது வைத்தியர்கள் ஒப்புக்கொள்ளும் விசயம். 1990இன் ஆவணி மாதப் படுகொலைகளை வீரமுனையும் காத்தான்குடியும் ஏறாவூரும் எப்படிக் கடந்தன, 2004 மார்கழியில் கடல் கல்முனைக் கரையை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு நோயாளி, "அதுக்குப் பிறகுதான் டொக்டர் இது வந்தது" என்று ஒரு சாவைச் சொன்னால், அதைக் கதை என்று தள்ளாமல் கொப்பியில் எழுத வேண்டும்.

மூட்டைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சொரியாசிஸ் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர்வரையானவர்களுக்கு அதே அழற்சி மூட்டுகளிலும் இறங்கலாம். காலையில் எழும்பியதும் விரல் மடங்காது. அரை மணி, ஒரு மணி நேரம் ஆகும். ஒரு விரல் முழுதும் வீங்கித் தடித்து நிற்கும். குதிகால் ஊன்ற முடியாது. நகத்தில் ஊசி முனையால் குத்தியது போலக் குழிகள். வயல் வேலை செய்பவர் இதை வேலைக் களைப்பு என்பார், மருதமுனையில் தறியில் இருப்பவர் தறியைக் குற்றம் சொல்வார். ஓரிரு வருடம் கவனிக்காமல் விட்டால் மூட்டு கோணிவிடும், பிறகு நேராகாது. செதில் போனாலும் போகாவிட்டாலும் மூட்டைக் காப்பாற்ற வேண்டும். இந்த வருத்தம் உள்ளவர்களுக்குச் சீனியும் மாரடைப்பும் மற்றவரை விடக் கூடுதலாக வருகின்றன என்பதும் தெரிந்ததே. ஆக, சீனிக் கிளினிக்கும் தோல் கிளினிக்கும் பல வேளை ஒரே ஆளைத்தான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கின்றன.

பெண்களின் கதை இன்னும் மறைவானது. அபாயாவும் சேலையும் படையை மூடிவிடும். ஆண் டொக்டரிடம் தலைமுடிக்குள்ளும் முதுகையும் காட்டக் கூச்சம். பெண் டொக்டர் இருக்கும் நாளைக் கேட்டுப் போகும் உரிமை நோயாளிக்கு வேண்டும். கல்யாணப் பேச்சில் இது தெரிந்தால் மாப்பிள்ளை வீடு பின்வாங்கும் என்ற பயத்தில், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் வந்த செதிலைப் "பொடுகு" என்று சொல்லிக் கல்யாணம்வரை இழுத்தடிக்கும் உம்மாமாரும் அம்மாமாரும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டையும் வளவையும் மகளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த பிறகும் படையைக் காட்டிக் கூடுதல் பேரம் பேசும் மாப்பிள்ளை வீடுகளைத்தான் கேட்க வேண்டும். சீனி உள்ள மாப்பிள்ளைக்குப் பெண் கிடைக்கிறது. கிடைப்பதும் சரிதான்.

இனிச் செய்ய வேண்டியது. 2014 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை சொரியாசிஸைப் பற்றித் தனித் தீர்மானம் நிறைவேற்றி, நாடுகள் இதைக் கடுமையான, தொற்றாத வருத்தமாகக் கொள்ள வேண்டும் என்றது. 2025 மே மாதத்தில் தோல் வருத்தங்கள் அனைத்தையும் உலகப் பொதுச் சுகாதார முன்னுரிமையாக்கும் தீர்மானமும் வந்தது. ஜெனீவாவில் கை தூக்கியது சம்மாந்துறைக்கு வந்து சேர வேண்டும்.

கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கு இதில் ஒரு வசதி உண்டு. தொழுநோய்க்காகப் பாடசாலைப் பிள்ளைகளின் தோலையும் நோயாளரின் வீட்டாரின் தோலையும் பார்க்கும் வேலையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஏற்கெனவே அறிவார்கள். 1990இல் நாட்டில் தொடங்கிய தொழுநோய் விளம்பர இயக்கம், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் திரும்பத் திரும்பப் பேசி, மக்கள் தாமாகவே வந்து தோலைக் காட்டும்படி செய்தது; புதிய நோயாளர் பெருந்தொகையாக வெளிப்பட்டார்கள். இந்தக் கரை அப்போது எரிந்துகொண்டிருந்ததால் அந்தக் குரல் இங்கே எவ்வளவு கேட்டிருக்கும் என்பது வேறு விசயம். வழி தெரிந்த வழிதான். சீனி பார்க்கும் இடத்திலேயே ஒருமுறை முழங்கை, முழங்கால், தலை, நகம் பார்க்கச் சொல்லுங்கள். சொரியாசிஸ் என்று தெரிந்தவருக்கு நீண்டகால நோயாளிக்குரிய கொப்பி கொடுங்கள்; அதில் நிறை, பிரஷர், சீனி, மூட்டு வலி, குளிசை நாள் எல்லாம் பதியட்டும். ஈரப்பூச்சைச் சின்ன டியூபாகக் கொடுக்காமல் மாதத்துக்குப் போதுமான அளவில் கொடுங்கள். துண்டு இல்லாமல் குளொபெற்றசோல் விற்கும் பாமசியை ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். ஒக்டோபர் 29 உலக சொரியாசிஸ் நாள். ஊர்வலமும் பதாகையும் வேண்டாம், அன்று சலூன்காரர்களைக் கூப்பிட்டு இது ஒட்டாது என்று சொல்லிக் கொடுங்கள். குத்பாவில் இரண்டு நிமிடமும் கோயில் ஒலிபெருக்கியில் இரண்டு நிமிடமும் கேளுங்கள். தர மாட்டேன் என்று யாரும் சொல்லப்போவதில்லை.

வாசிப்பவர்களுக்கு ஒன்று. படை தடித்து, செதில் உதிர்ந்து, அரிப்போ எரிவோ இருந்தால் தோல் வைத்தியரிடம் போங்கள். மாதக்கணக்கில் பழகும் நோக்கத்தோடு போங்கள். படை வெளிறியோ சிவந்தோ இருந்து, அதில் சூடும் தொடுகையும் தெரியாவிட்டால் இன்றைக்கே போங்கள். அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம், ஒரு வருடத்துக்குள் சிகிச்சை முடிந்துவிடும்.